ட்வின் டவர் முன்னாடி கோதுமை வயல், இந்த போட்டோ நெசமா?

நொச்சிவேலி:

வணக்கம் மக்களே. வாட்ஸப்ல ஒரு போட்டோ சுத்திட்டு இருக்கு, நீங்களும் பாத்திருக்கலாம். நல்லா வெளஞ்சு பொன்னெறமா நிக்கிற கோதுமை வயல், நடுவுல ஒரு லேடி கையில நீளமா கம்பு ஒண்ணு புடிச்சுட்டு நிக்கிறாங்க, பின்னாடி பாத்தா நியூயார்க் பில்டிங்கா அடுக்கி வச்சிருக்கு, அதுல ட்வின் டவரும் இருக்கு. எங்க க்ரூப்ல வந்ததும் என் மச்சான் "இது ஏஐ போட்டோ, வெரல எண்ணிப் பாருங்க"ன்னு ஒரே போடா போட்டுட்டான். எனக்கு அப்படி தோணல, கலர் எல்லாம் பழைய ஃபிலிம் ரோல்ல எடுத்த மாதிரிதான் இருக்கு. தேடிப் பாத்ததுல ஆக்னெஸ் டெனிஸ்னு ஒரு பேரு, 1982ன்னு ஒரு வருஷம், வயலுக்கு "வீட்ஃபீல்ட்"னு ஒரு தலைப்பு, இவ்ளோதான் கெடச்சுது, அதுக்கு மேல இருக்கறதெல்லாம் மியூசியம்காரங்க எழுதுற பாஷை, ஒரு பாரா படிச்சாலே கொட்டாவி வந்துருது.

நெசமாவே அந்த எடத்துல வெதச்சு அறுத்தாங்களா, இல்ல எங்கயோ தட்டுல வளத்து லாரியில கொண்டாந்து எறக்கி போட்டோ மட்டும் புடிச்சாங்களா? நெசமா வெதச்சாங்கன்னாலும் இதை எதுக்கு ஆர்ட்டுன்னு சொல்றாங்கன்னு யாராச்சும் எனக்கு புரியற மாதிரி சொல்லுங்க. எங்க வீட்ல தாத்தா காலத்துல இருந்து வெதச்சு அறுத்துட்டுதான் இருக்கோம், ஒருத்தரும் வந்து நீங்க ஆர்ட்டிஸ்ட்டுன்னு சொன்னதில்ல. கிண்டலா கேக்கல, சந்தேகமாத்தான் கேக்கறேன்.

கேக்கறதுக்கு காரணம் வேற இருக்கு. பொண்ணுக்கு ஸ்கூல்ல "மாறிவரும் இயற்கையும் மனிதனும்"னு ப்ராஜெக்ட், சார்ட் ஒட்டணும். எல்லாரும் பனிக்கரடியும் வெடிச்ச ஏரியும்தான் ஒட்டுவாங்க நான் இதைத்தான் ஒட்டுவேன்னு அடம் புடிக்கிறா. டீச்சர் ஏதாச்சும் கேட்டா அவ பதில் சொல்லணும்ல.

---

சுவரெழுத்து:

ஏஐ இல்லீங்க, அக்மார்க் ஒரிஜினல். நான் ஃபைன் ஆர்ட்ஸ் படிச்சவ, எங்களுக்கு இது பாடத்துலயே வரும். போட்டோ எடுத்தவரு ஜான் மெக்ரெயில். கம்போட நிக்கறவங்கதான் ஆக்னெஸ் டெனிஸ், 1931ல புடாபெஸ்ட்ல பொறந்து, குடும்பத்தோட ஸ்வீடன் போயி, அங்கருந்து அமெரிக்கா வந்தவங்க. இந்த வயலைப் போடும்போது அவங்களுக்கு அம்பது தாண்டியாச்சு.

பப்ளிக் ஆர்ட் ஃபண்டுன்னு நியூயார்க்ல ஒரு அமைப்பு, பொது எடத்துல கலைப்படைப்பு வைக்கறதுக்கு ஆர்ட்டிஸ்ட்டுங்களை கூப்டுவாங்க. அந்த மாதிரி கூப்பிட்டா வழக்கமா வெங்கலத்துலயோ இரும்புலயோ ஒரு செலை வச்சுட்டு ரிப்பன் வெட்டிட்டு போயிருவாங்க. இந்தம்மா இன்னொரு செலை எதுக்கு, நான் கோதுமை போடறேன்னுட்டாங்க. எடம் எதுன்னா நியூயார்க்ல மன்ஹாட்டன் தீவோட தெக்கு மூலை, பேட்டரி பார்க் பக்கம் ஆத்தை தூத்து உண்டாக்குன நெலம், வால் ஸ்ட்ரீட்டுக்கு பக்கத்து ப்ளாக், ட்வின் டவர் நின்ன வேர்ல்ட் ட்ரேட் சென்டருக்கு ரெண்டு ப்ளாக்கு தள்ளி, நிமுந்து பாத்தா தண்ணிக்கு அந்தப் பக்கம் சுதந்திர தேவி செலை.

தட்டுல வளத்ததெல்லாம் இல்ல. 2 ஏக்கர். மொத்தமும் கல்லு, துருப்புடிச்ச கம்பி, பழைய டயரு, தூக்கிப் போட்ட ஓவர்கோட்டுன்னு குப்பையா கெடந்துச்சாம். 200 லாரி மண்ணு அடிச்சாங்க. மெஷின் வச்சு உழல, 285 சால் கையாலயே வெட்டி, ஒவ்வொரு சால்லயும் கல்லையும் குப்பையையும் பொறுக்கிட்டு, வெதையும் கையாலயே போட்டு மண்ணு மூடுனாங்க. மே 1 வெதப்பு. அதுக்கப்பறம் மூணரை மாசம் வாலண்டியர்களோட சேந்து களை எடுக்கறது, தண்ணிக்கு குழாய் போடறது, உரம், பூசணத்துக்கு மருந்து அடிக்கறதுன்னு முழுநேர வெவசாயி வேலை. ஆகஸ்ட் 16 அறுவடை, ஆயிரம் பவுண்டுக்கு மேல கோதுமை வந்துச்சு.

ஏன் ஆர்ட்டுன்னு கேட்டீங்க. வீட்ல அடுப்பு மூட்டி கஞ்சி காச்சுனா அது சமையல், அதே அடுப்பை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மூட்டுனா கஞ்சித் தொட்டி போராட்டம். அரிசியும் ஒண்ணுதான் தண்ணியும் ஒண்ணுதான், எடம் மாறுனதும் பாக்கறவன் நின்னு என்னடா இதுன்னு கேக்கறான்ல, இங்கயும் அதேதான் நடந்துச்சு. அந்த நெலத்தோட மதிப்பு 450 கோடி டாலர்னு டெனிஸே எழுதியிருக்காங்க. தெருவுக்கு அந்தப் பக்கம் கோதுமை வெளையறதை கண்ணாலயே பாக்காம வால் ஸ்ட்ரீட் பங்குச்சந்தையில பணம் பொரட்டிட்டு இருக்கற ஆளுங்க லன்ச்சுக்கு வெளிய வரும்போது முன்னாடி கதிர் ஆடிட்டு நிக்குது. பட்டினி, வீணடிக்கறது, நெலத்தை பாழாக்கறது, எதுக்கு முக்கியத்துவம் குடுக்கறோங்கறது, இதையெல்லாம் நெனச்சுத்தான் செஞ்சேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. முழுத் தலைப்பு "வீட்ஃபீல்ட்: எ கன்ஃப்ரண்டேஷன்", அதாவது கோதுமை வயல், நேருக்கு நேர் ஒரு மோதல். அழகுக்கு வச்ச தோட்டம்னு யாரும் நெனச்சுறக் கூடாதுன்னு தலைப்புலயே சண்டையை வச்சுட்டாங்க.

பொண்ணுக்கு இன்னொரு தகவலும் சொல்லுங்க, இது அவங்க மொத வெவசாயம் இல்ல. 1968லயே நியூயார்க் மாநிலத்துல சல்லிவன் கவுண்டிங்கற எடத்துல நெல்லு வெதச்சு, மரங்களை சங்கிலியால கட்டி, தான் எழுதுன ஹைக்கூ கவிதைங்களை மண்ணுல பொதச்சு ஒரு வேலை செஞ்சாங்க. சுற்றுச்சூழல் கலைன்னு இப்ப ஒரு தனிப் பிரிவே இருக்குல்ல, அதுக்கு ஆரம்பத்துல நின்ன ஒரு சில பேர்ல இவங்களும் ஒருத்தர்.

---

மஞ்சக்காடு:

ஏனுங்க சுவரெழுத்து மேடம், நீங்க சொன்னதெல்லாம் சரிங்க, ஆனா ஒரு வெவசாயி கண்ணுல பாத்தா வேற கணக்கு வருதுங்க. நான் அக்ரி படிச்சுட்டு ஊர்ல மஞ்சளும் கரும்பும் போடற ஆளு. கோதுமை எங்க தோட்டத்துல இல்ல, படிச்சதுதான், இருந்தாலும் சொல்றேன்.

மொதல்ல சீசன். நம்ம நாட்டுல கோதுமைன்னா ரபி, நவம்பர்ல வெதச்சு ஏப்ரல்ல அறுக்கறது. மே மாசம் வெதச்சாங்கன்னதும் எனக்கே ஒரு நிமிசம் இடிச்சுதுங்க. அங்க குளிர் முடிஞ்சப்பறம் வெதச்சு கோடைக் கடைசியில அறுக்கற ரகம் தனியா இருக்கு, நூறு நாள் சொச்சத்துல வந்துரும், அதனால மே 1 டு ஆகஸ்ட் 16 சரியான கணக்குதான். இந்த போட்டோ பொய்யில்லன்னு நான் நம்பறதுக்கு இந்த தேதி ரெண்டும் போதுங்க.

அடுத்து மண்ணு. 200 லோடுன்னா கேக்கறதுக்கு பெருசா இருக்கு. ஒரு லோடு நம்மூரு டிப்பர் அளவுக்கு 3 யூனிட்டுன்னே வைங்க, யூனிட்டுக்கு 100 கன அடி, மொத்தம் 60,000 கன அடி. 2 ஏக்கர்ங்கறது 87,000 சதுர அடி சொச்சம். பரப்பி விட்டா எட்டு அங்குலம் நிக்குங்க, வண்டி சின்னதா இருந்தா இன்னும் கம்மி. அதுக்கு கீழ பூராவும் கட்டட இடிசல். கோதுமை வேரு மூணு நாலு அடி எறங்கற சாதி, எட்டு அங்குலத்துல அது எங்கீங்க போகும்? மேல மண்ணு சீக்கிரம் காஞ்சுரும், அதான் தண்ணிக்கு குழாய் போட வேண்டியதா போச்சு.

அதுக்கேத்த மாதிரிதான் மகசூலும். ஆயிரம் பவுண்டுன்னா 450 கிலோ, ஏக்கருக்கு 225 கிலோ. அந்த வருசம் அமெரிக்கா சராசரியே ஏக்கருக்கு 35 புஷல், அதாவது 950 கிலோ. கால்வாசி கூட வரலீங்க. கதிரைக் கருக்கற கரிப்பூட்டை நோய் வந்துச்சு, சாம்பல் நோய்க்கு மருந்து அடிச்சாங்கன்னும் அவங்களே எழுதி வச்சிருக்காங்க. தனியா ஒரு வயல் மட்டும் நின்னா நோயி வராதுன்னு நெனைக்கிறவங்க இதை கொஞ்சம் கவனிக்கணுங்க.

என்ற ஆதங்கம் ரெண்டு. உரமும் போட்டு மருந்தும் அடிச்சுட்டு இதை இயற்கைக்கு ஆதரவான படைப்புன்னு எழுதறாங்க, எல்லா வெவசாயியும் அதைத்தானுங்களே பண்றோம், எங்களை மட்டும் மண்ணைக் கெடுத்துட்டான்னு திட்டறீங்க. இன்னொண்ணு அந்த 200 லோடு மண்ணு. அது வானத்துல இருந்து விழுந்திருக்காதுங்க, எங்கயோ ஒரு பூமியில இருந்து அள்ளுனதாத்தான் இருக்கும். மேல்மண்ணு அள்ளுன பூமி தேற எத்தனை வருசம் ஆகும்னு எங்களைக் கேளுங்க. பட்டினி பத்தி பேச இன்னொரு எடத்தை சொரண்டி வேலை நடந்திருக்குன்னா அதையும் சேத்துத்தானே பேசணும்.

---

வெட்டிஆபீசர்:

450 கோடி டாலர் நெலத்துல 450 கிலோ கோதுமை. கிலோ ஒரு கோடி டாலர். ஒரு கிலோ மாவுல நாப்பது சப்பாத்தின்னு வச்சாலும் ஒரு சப்பாத்தி ரெண்டரை லட்சம் டாலர், குருமா தனி. ஹோட்டல்காரங்க யாரும் இந்த த்ரெட்டைப் பாத்துறாதீங்கப்பா.

---

ஹட்சன்காத்து:

வெட்டிஆபீசர் காமெடிக்கு சொன்னாலும் அந்த 450 கோடி டாலர் மேட்டர்ல நானும் தடுக்கி விழுந்திருக்கேன். ரெண்டு ஏக்கருக்கு மட்டும் அந்த வெலைன்னா 1982 மன்ஹாட்டனுக்கே ஓவர், சுத்தி கட்டப்போற எல்லாத்தையும் சேத்து சொன்ன தொகையாத்தான் எனக்குப் படுது. நான் இருக்கறது ஜெர்சி சிட்டி, மன்ஹாட்டனை ஒட்டி ஓடற ஹட்சன் ஆத்துக்கு இக்கரை. ஆபீஸுக்கு தெனம் அந்தப் பக்கம்தான், அதனால எடத்தைப் பத்தி நான் சொல்றேன்.

மஞ்சக்காடு அண்ணே மண்ணு எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டீங்கல்ல, மேல போட்ட 200 லோடை விடுங்க, கீழ இருக்கற நெலமே வேற எடத்து மண்ணுதான். வேர்ல்ட் ட்ரேட் சென்டருக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வந்த மண்ணையும் பாறையையும் பக்கத்துல இருந்த ஹட்சன் ஆத்துலயே கொட்டுனாங்க, கூட துறைமுகத்துல இருந்து வாரிட்டு வந்த மணல். அப்படி உண்டானதுதான் பேட்டரி பார்க் சிட்டி, மொத்தம் 92 ஏக்கர், 1976ல தூத்து முடிச்சாச்சு. முடிச்ச நேரம் பாத்து நியூயார்க் நகராட்சியே திவாலாகற நெலமை, கட்டறதுக்கு காசில்ல, அதனால வருஷக்கணக்கா அது சும்மா மணல்மேடா கெடந்துச்சு. பீச்சுன்னே கூப்புடுவாங்களாம், 1978ல இருந்து ஆர்ட்டிஸ்ட்டுங்க வந்து அந்த மணல்ல கண்காட்சி எல்லாம் நடத்தியிருக்காங்க. அந்த இடைவெளியிலதான் டெனிஸ் நொழைஞ்சாங்க, கொஞ்ச வருஷம் முன்னாடின்னா அங்க ஆறு, கொஞ்ச வருஷம் பின்னாடின்னா கான்க்ரீட்.

அதனால போட்டோவை நான் பாக்கற விதமே வேற. பின்னாடி நிக்கற அந்த ரெண்டு டவரைத் தோண்டுனப்ப வந்த மண்ணும் அந்த நெலத்துக்குள்ளதான் கெடக்கு, அதுக்கு மேலதான் கோதுமை நிக்குது. அறுவடை முடிஞ்ச கையோட கட்டட வேலை சூடு புடிச்சு எண்பதுகள் முடியறதுக்குள்ள வேர்ல்ட் ஃபைனான்ஷியல் சென்டர்னு பெரிய பெரிய ஆபீஸ் டவரா எழும்பிருச்சு, இப்ப ப்ரூக்ஃபீல்ட் ப்ளேஸ்னு பேரு. சுத்தி அபார்ட்மெண்ட், ஸ்ட்ரோலர் தள்ளிட்டு போற அம்மாக்கள், நாய் கூட்டிட்டு போறவங்க. டவர் ரெண்டும் 2001ல போச்சு. போட்டோவுல இருக்கற வயலும் இல்ல டவரும் இல்ல, தண்ணிக்கு அந்தப் பக்கம் சுதந்திர தேவி மட்டும் இன்னும் அப்படியே நிக்குது.

இயற்கை மாறுறதுன்னு பேசறதுனா 2012 அக்டோபர்ல சாண்டி புயல் வந்தப்ப கடல் தண்ணி மன்ஹாட்டன் தெக்குப் பக்கம் பல எடத்துல ஏறிச்சு. சுரங்கப்பாதை, சவுத் ஃபெர்ரி ஸ்டேஷன் எல்லாம் தண்ணி, மறுபடி கட்டிட்டு இருந்த வேர்ல்ட் ட்ரேட் சென்டர் பள்ளத்துலயும் தண்ணி, தீவோட தெக்குப் பகுதிக்கு கரண்ட் இல்ல. அதுக்கப்பறம்தான் கடல் மட்டம் ஏறுதுன்னு பயந்து இந்த ஏரியா கரையை ஒசத்த ஆரம்பிச்சாங்க. வயல் இருந்த பகுதிக்கு தெக்கால வாக்னர் பார்க்குன்னு ஒண்ணு, 2023ல மூடி, நல்லா வளந்த மரத்தையெல்லாம் வெட்டி, மண்ணடிச்சு சுமார் பத்தடி ஒசத்தி மறுபடி கட்டுனாங்க. மரத்தை வெட்டாதீங்கன்னு அக்கம்பக்கத்து ஆளுங்க பெரிய சண்டை போட்டாங்க, கேஸ் வரைக்கும் போச்சு, ஒண்ணும் நடக்கல. நாப்பது வருஷம் முன்னாடி ஒரு அம்மா மண்ணு கொட்டி கோதுமை போட்டதை பைத்தியக்காரத்தனம்னு பாத்த அதே கரையில இப்ப கோடிக்கணக்குல செலவு பண்ணி மண்ணு கொட்டிட்டு இருக்கோம், கடலுக்கு பயந்து.

---

நொச்சிவேலி:

எல்லாருக்கும் பெரிய நன்றிங்க. மஞ்சக்காடு அண்ணன் போட்ட எட்டு அங்குல கணக்கை மச்சானுக்கு அனுப்பிட்டேன், பதிலே இல்ல. பொண்ணு ஒரு கேள்வி கேக்கச் சொன்னா, அறுத்த கோதுமையை என்ன பண்ணாங்க, தின்னாங்களா? இன்னொண்ணு, நாலே மாசத்துல அறுத்து முடிச்சாச்சு மேல பில்டிங்கும் வந்துருச்சுன்னா அந்தம்மா ஜெயிச்சாங்களா தோத்தாங்களாங்கறா. பன்னெண்டு வயசு, எல்லாத்தையும் கிரிக்கெட் மாதிரி கேப்பா.

---

பனிமுருங்கை:

வணக்கம். நான் இலங்கை, இப்ப பின்லாந்தில தம்பெரே எண்ட நகரத்தில இருக்கிறன். நான் வழமையா இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறேல்ல, ஆனா பிள்ளையின்ர கேள்வியைப் பாத்தாப் பிறகு எழுதாமல் இருக்கேலாமல் போச்சு. தோத்தவவோ வெண்டவவோ எண்டு கேக்கிற பிள்ளைக்கு ஆக்னெஸ் டெனிஸ் இஞ்ச செய்த வேலையைச் சொல்லுங்கோ.

தம்பெரேக்குப் பக்கத்தில இலயார்வி எண்டொரு ஊர். அங்க சரளைக்கல் தோண்டித் தோண்டிப் பாழாய்ப் போன ஒரு நிலம் கிடந்தது. அதில ஒரு மலையைக் கட்டி, அந்த மலை முழுக்க மரம் நடுறது எண்டு டெனிஸ் திட்டம் போட்டவா. 1992ல பிரேசிலில ரியோ நகரத்தில ஐநாவின்ர பூமி மாநாடு நடந்த நேரம் பின்லாந்து அரசாங்கம் நாங்கள் இதைச் செய்யிறம் எண்டு அறிவிச்சது. 1996ல முடிஞ்சுது. 11,000 மரம், 11,000 ஆக்கள், ஒரு ஆளுக்கு ஒரு மரம். சும்மா நட்டுப்போட்டுப் போறேல்ல, நட்ட ஒவ்வொருத்தருக்கும் இந்த மரத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு எண்டு ஒரு சான்றிதழ் குடுத்தவை, அது 400 வருசத்துக்குச் செல்லும். பிள்ளைக்கு, பேரப்பிள்ளைக்கு, அதுக்கும் பிறகு வாற ஆக்களுக்கு எண்டு இருபது தலைமுறைக்கு எழுதி வைக்கலாம். மரத்தை வெட்டேலாது, நிலத்தையும் வேற ஒண்டுக்கும் எடுக்கேலாது.

நான் அங்க போனனான். உண்மையைச் சொன்னால் முதல்ல எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மேல இருந்து எடுத்த படத்தில பாத்தால் சூரியகாந்திப் பூவின்ர நடுவில விதையள் சுழண்டு சுழண்டு இருக்கிற மாதிரி மரங்கள் ஒரு கணக்கில வளைஞ்சு போகும், சரியான வடிவு. கீழ நிண்டு பாத்தால் அந்தக் கணக்கு ஒண்டும் விளங்காது, மரம்தான் தெரியும். பின்லாந்தில காட்டுக்கோ பஞ்சம், எங்க திரும்பினாலும் பைன் மரம், இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனான் எண்டு மனிசி ஏசினவா. மேல ஏறிப்போய்க் கொஞ்ச நேரம் நிண்டு வரிசையைக் கவனிச்சாப் பிறகுதான், ஓ, இது தானா முளைச்ச காடில்ல, ஒவ்வொண்டையும் ஒரு ஆள் வந்து குழி தோண்டி வைச்சிருக்கு எண்டு பிடிபட்டது.

நியூயோர்க்கில நாலு மாசம், இஞ்ச 400 வருசம். ரெண்டையும் செய்தது ஒரே மனிசிதான். பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கோ, மிச்சத்தை அவவே யோசிப்பா.

---

சுவரெழுத்து:

பனிமுருங்கை, ரொம்ப நன்றி, அந்த மலைக்கு நேர்ல போயிட்டு வந்தவங்க எழுதி நான் படிக்கறது இப்பதான். உங்க வீட்டம்மா ஏசுனது சூப்பர், நெறைய ரிவ்யூவை விட நேர்மையா இருக்கு.

நொச்சிவேலி, கோதுமை என்னாச்சுன்னு பொண்ணு கேட்டாள்ல. அந்த வெதைங்க ஒரு கண்காட்சியில போச்சு, உலகப் பட்டினிக்கு முடிவு கட்டணும்னு மின்னசோட்டா மியூசியம் ஆஃப் ஆர்ட் ஏற்பாடு பண்ணது, 1987ல இருந்து 1990 வரைக்கும் 28 ஊருக்கு சுத்துச்சு. பாக்க வந்தவங்க வெதையை எடுத்துட்டுப் போயி அவங்கவங்க ஊர்ல நட்டாங்க. அதனால வயல் மேல பில்டிங் வந்துருச்சுன்னாலும் வெதை தப்பிச்சு ஓடிருச்சுன்னு சொல்லுங்க, பன்னெண்டு வயசுக்கு அந்த பதில் புடிக்கும்.

அதோட நிக்கல. 2009ல லண்டன்ல டால்ஸ்டன்கற ஏரியாவுல கைவிட்ட ரயில் பாதையில இதே வேலையை சின்ன அளவுல திரும்ப செஞ்சாங்க. 2015ல மிலான்ல 5 ஹெக்டேர், கிட்டத்தட்ட 12 ஏக்கர், நியூயார்க்கை விட ஆறு மடங்கு. 2024ல ஸ்விட்சர்லாந்து பாசல்ல ஆர்ட் பாசல் சந்தை நடக்கற மெயின் சதுக்கத்துலயே வயல் போட்டாங்க, அதே வருஷம் மொன்டானாவுல போஸ்மன் ஊர்லயும். டெனிஸுக்கு நியூயார்க்ல பெரிய அளவுல ஒரு முழு கண்காட்சி வச்சது 2019லதான், தி ஷெட்டுங்கற எடத்துல, அப்ப அவங்களுக்கு 88 வயசு. அதே காலத்துல பாலைவனத்துல புல்டோசர் வச்சு பள்ளம் தோண்டுன ஆம்பளை ஆர்ட்டிஸ்ட்டுங்க பேரு எல்லாம் பாடப் புஸ்தகத்துல எப்பவோ ஏறிருச்சு. இதுல எனக்கு நெறைய கடுப்பு இருக்கு, அது தனி த்ரெட்.

ஆனா திரும்பத் திரும்ப போடற இந்த வயல்கள் மேல எனக்கு ஒரு டவுட்டு உண்டு, எல்லாரும் ஒத்துக்க வேணாம். மிலான்ல வயல் போட்ட எடம் போர்த்தா நுவோவா, புதுசா கண்ணாடி டவரா கட்டி வித்துட்டு இருந்த பகுதி. 1982ல அந்த வயல் ரியல் எஸ்டேட்டுக்கு குறுக்க போயி நின்னுச்சு. 2015ல அதே வயல் அதுங்க பக்கத்துல அழகா நின்னு போஸ் குடுக்குது, பால்கனியில நின்னு பாத்தா கோதுமை வயல் வியூன்னு ப்ரோஷர்ல போடலாம். ஊர் சனம் வந்து வெதச்சாங்க, அறுத்தாங்க, பசங்க ஓடி வெளையாடுனாங்க, அதெல்லாம் சந்தோசம்தான். சண்டை எங்க போச்சுன்னுதான் கேக்கறேன். பாசல்ல இன்னும் மோசம், உள்ள கோடி கோடியா படம் வித்துட்டு இருக்கறப்ப வெளிய நிக்கற கோதுமை யாரைப் பாத்து கேள்வி கேக்கும்? ஒரு வேளை அங்கதான் சரியா கேக்குதோ என்னவோ, நேர்ல பாத்த ஃப்ரெண்டு ஒருத்தி அப்படித்தான் சண்டைக்கு வர்றா.

மஞ்சக்காடு அண்ணா, உரம் மருந்து பத்தி நீங்க சொன்னதுக்கு எங்க ஆளுங்க மழுப்புவாங்க, நான் மழுப்பல. அது இருக்கத்தான் செய்யுது. ஒண்ணு மட்டும் சொல்றேன், டெனிஸ் அதை மறைக்கல, களை எடுத்தது, கரிப்பூட்டை, மருந்து எல்லாத்தையும் அவங்களே எழுதி வச்சதாலதான் நாம இப்ப பேசறோம். இயற்கை வெவசாயம்னு அவங்க எங்கயும் சொல்லிக்கல, அந்த போர்டு பின்னாடி வந்தவங்க மாட்டுனது. நகரத்துக்கு சோறு போடறதுக்கு பின்னாடி எவ்ளோ வேலை இருக்குன்னு காட்டணும்னா மருந்து டப்பாவும் அந்த ஃப்ரேமுக்குள்ள வந்துதானே ஆகணும்.

---

மஞ்சக்காடு:

அதை அவங்களே எழுதி வச்சிருக்காங்கன்னா சரிங்க மேடம், அந்த வரைக்கும் ஒத்துக்கறேன். மண்ணு அள்ளுன சமாச்சாரத்துல நான் எறங்கி வர்ற மாதிரி இல்ல, அது அப்படியே இருக்கட்டும். ஹட்சன்காத்து தம்பி ஆத்துல கொட்டுன கதை சொன்னதும் இன்னும் கோவம்தான் வருது, ஆத்தை தூத்து ஊரைக் கட்டிப்போட்டு பொறகு தண்ணி உள்ள வருதுன்னு அழுதா எப்படிங்க.

ஆனா மகசூல் கால்வாசின்னு நான் கொஞ்சம் எளக்காரமா சொன்ன மாதிரி யாராச்சும் எடுத்துக்கிட்டா அப்படி இல்லீங்க. எங்க காட்டுல ஒரு மூலையில பழைய சாளை இடிஞ்சு கெடந்த எடம் இருக்கு, பத்து சென்ட்டு கூட இருக்காது, செங்கல்லும் ஓடும் பொறுக்கியே ஆளுங்களுக்கு முதுகு ஒடிஞ்சுரும், இன்னும் அதுல எள்ளு கூட ஒழுங்கா வர்றதில்ல. கட்டட இடிசல் மேல கையால 285 சால் வெட்டி, பழக்கமே இல்லாத டவுன் ஆளுங்களை வச்சு, மொத போகத்துலயே 450 கிலோ எடுக்கறதுன்னா அது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. பாப்பா சார்ட்டுல ஏக்கர், லோடு, சால் கணக்கு எல்லாம் எழுதட்டும், பவுண்டுல போடாம கிலோவுல போடச் சொல்லுங்க, நம்ம பசங்களுக்கு அப்பத்தான் புரியும். அந்த சால்ல இருந்து ஓவர்கோட்டு கெளம்புன சமாச்சாரத்தை கண்டிப்பா எழுதச் சொல்லுங்க, டீச்சர் மத்த எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டாங்க.